நாலாவது ஆளைக் கூப்பிடாதே

தம்பி,

நேற்று நீ போனில் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். இரண்டுக்கும் "சரிப்பா, பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயில் வந்தது அவ்வளவுதான். போனில் உன்னிடம் எதையும் முழுதாகப் பேச முடிவதில்லை. நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று பறப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

முதலாவது, உன் கல்யாணத்துக்கு அரியலூர் மண்டப வாசலில் வைக்கப்போகிற பேனருக்கு அப்பா, நான், நீ மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்றாய். "அவ்ளோ படம் எடுத்திருக்க, ஒண்ணு இல்லாமலா போவும்?" என்று சிரித்தாய். "இல்லாட்டியும் பரவாயில்லம்மா, ஸ்டுடியோல சொன்னா அப்பாவச் சேத்துக் குடுத்துருவாங்க" என்றும் சொன்னாய். இரண்டாவது, நீ தயங்கித் தயங்கிச் சொன்னது. "கல்யாணத்தன்னிக்கு நீ கேமராவ வச்சுக்கிட்டுப் படம் எடுத்துக்கிட்டு இரும்மா. உனக்கும் பொழுது போவும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அந்த 'யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? புருஷனைப் பறிகொடுத்தவள் மணமேடை ஏறக்கூடாது என்று சம்பந்தி வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் நாலு பேர் தலையை ஆட்டியிருப்பார்கள். என் மனசு நோகாமல் அதைச் சொல்வதற்கு நீ கேமராவைக் கண்டுபிடித்திருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய் எதற்கு, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதைவிடத் துக்கம்தான் அதிகம்.

காலையில் அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, பழைய சிடிக்கள், கம்ப்யூட்டர், என் போன், அப்பாவின் போன் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். காட்டில் சின்ன வெங்காயத்தைக் குவித்து மூடி வைத்திருக்கிற பட்டறைகளை எடுத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் மக்காச்சோளக் காட்டுக்கு மேலே இறங்குகிற மேகத்தை எடுத்திருக்கிறேன். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரி போன பிறகு வேலியோரத்து எருக்கஞ்செடி சாம்பல் பூசிக்கொண்டு நிற்பதை எடுத்திருக்கிறேன். காய்கிற துணி, கொதிக்கிற உலை, உன் செருப்பு, உன் அப்பாவின் முதுகு, ஒன்று விடவில்லை. "இந்தப் பொம்பளைக்கு வேல வெட்டி இல்லையா" என்று தெருவே கேட்டது நியாயம்தான். இத்தனை இருக்கின்றன, நீ கேட்டது மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பது உனக்குப் பாதி தெரியும். மீதியை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

உன் அப்பாவுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது பெரம்பலூர் டவுனுக்கு வந்து, ஸ்டுடியோவில் அம்மா, அப்பா, அவர் என்று மூன்று பேராக ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய அப்பா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் கதிர் அறுக்கும்போது வயலில் பாம்பு தீண்டிப் போய்விட்டார். 'மூணு பேரா நின்னு படம் எடுக்கக்கூடாது, நடுவுல நிக்கறவங்களுக்கு ஆகாது' என்று ஊரில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு மறந்தும் போகிறார்கள். உன் அப்பாவால் மறக்க முடியவில்லை. அவருக்கு அது பழமொழி இல்லை, கண்ணால் பார்த்தது.

அதனால்தான் நம் படங்கள் எல்லாம் அப்படி இருக்கின்றன. நான் எடுத்தால் நீயும் அவரும் இருப்பீர்கள், நான் இருக்க மாட்டேன். யாரிடமாவது கேமராவைக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் போய் நின்றால், "இருங்க, இருங்க" என்று ஓடிப்போய் நாலாவதாக ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். பாடாலூரில் ரோட்டோரம் நுங்கு விற்றவர் கையில் அரிவாளோடு நம் பக்கத்தில் நிற்கிறார். திருமானூரில் என் தம்பி கல்யாணத்துக்குப் போனபோது, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த யாரோ ஒரு அம்மா, இடுப்பில் கோழிக்கூடையோடு நிற்கிறாள். உன் பிறந்தநாள் படத்தில் சிலிண்டர் போட வந்தவர், தோளில் இருந்த சிலிண்டரை இறக்காமலே சிரிக்கிறார். நம் குடும்பப் படத்தில் ஊர் முழுக்க இருக்கிறது. நாம் மூன்று பேர் மட்டும் தனியாக இல்லை.

நான் சும்மா இருந்தவளா? வாய் ஓயாமல் கிண்டல் பண்ணினேன். ஒரு நாள், "உங்க புல்லாங்குழல நாலாவது ஆளா வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "உசுரு இருக்கணும்ல" என்றார். "நீங்க ஊதுனா உசுரு வந்துட்டுப் போவுது" என்றேன். "ஊதிக்கிட்டே நின்னா கன்னம் உப்பிக்கிட்டு பன்னு மாதிரில்ல இருக்கும், நீயே அத எடுக்க மாட்ட" என்றார். நீ உருண்டு உருண்டு சிரித்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

அந்தப் புல்லாங்குழலைப் பற்றியும் உன்னிடம் பேச வேண்டும். அது புல்லாங்குழலே இல்லை, பிவிசி பைப்பு. பகல் முழுக்கத் தன் கடையில் விவசாயிகளின் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவார். போர்வெல்லில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் நின்றுவிட்டால் பயிர் காயும். அதனால் எந்த நேரத்தில் எவன் கொண்டுவந்து இறக்கினாலும் முகம் சுளிக்க மாட்டார். ஒரு நாள் கடையில் கிடந்த துண்டுப் பைப்பை எடுத்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டு ஊதிப் பார்த்தார். முதலில் செய்ததை ஊதினால் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விடும். விடவில்லை மனுஷன். துளையைத் தள்ளிப் போட்டார், சின்னதாக்கினார், கெடுத்ததை எல்லாம் கொடிக்கம்பி மாட்டப் பயன்படுத்தினார். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. ரேடியோவில் கேட்ட பாட்டை ஒரு வாரம் தடவித் தடவிப் பிடிப்பார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு காயிலுக்குப் பூசிய வார்னிஷ் வாடையோடு வந்து கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து ஊதுவார். நான் வெளிச்சம் போவதற்குள் அவரை ஒன்று எடுத்துவிடுவேன். எங்களுக்குச் சினிமா, கோயில், குளம் எல்லாம் அந்த அரை மணி நேரம்தான்.

நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது உன் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா குழலை எடுத்ததும் நீ அவரைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்து, "ஏம்ப்பா பைப்ப ஊதி மானத்த வாங்குற?" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே "சரி சாமி" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு உன் சிநேகிதர்கள் வருகிற நாளெல்லாம் கடையிலேயே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஊதிவிட்டு வருவார். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த வயசுப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சொல்லும், அவரும் மனசில் வைக்கவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற கயல்விழிக்காகச் சொல்கிறேன். அவள் வேலைக்குப் போய்விட்டு வந்து கீபோர்டில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாள் என்றும், ஒரே பாட்டை நூறு தடவை வாசித்து உயிரை வாங்குகிறாள் என்றும் போன மாசம் சிரித்துக்கொண்டே சொன்னாய். வாங்கட்டும். அவளுக்குப் பிடித்த ஒன்றைப் பாதி ஷட்டருக்குப் பின்னால் செய்ய வைத்துவிடாதே. சம்பாதிப்பதற்கு இல்லாமல், பேர் வாங்குவதற்கு இல்லாமல், சும்மா தனக்காக ஒருத்தர் ஒன்றைச் செய்யும்போதுதான் அவர் யார் என்று தெரியும். உன் அப்பாவை நான் அந்தப் பக்கெட்டின்மேல் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இனி, சொல்லாமல் வைத்திருந்த மீதி. வாலிகண்டபுரத்துக்கு நாம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு விவசாயிக்கு மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது சிவன் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினோம். உச்சி வெயில், நடை சாத்திவிட்டார்கள். ஈ காக்கை இல்லை. நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். உன் மாமா சிங்கப்பூரிலிருந்து எனக்கு அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்த புதுசு. தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் டைமர் அதில் இருப்பதை எப்படியோ நீ கண்டுபிடித்துவிட்டாய். "நாம மூணு பேரும் மட்டும் நிக்கணும், வேற யாரும் வரக்கூடாது" என்று தரையில் உட்கார்ந்துகொண்டு அடம் பிடித்தாய். அப்பா நாலு பக்கமும் பார்த்தார். இழுத்து வருவதற்கு ஒரு ஆடுகூட இல்லை. நீ அழ ஆரம்பித்தாய். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், "சரி வா, எடுத்துக்கலாம். நடுவுல நான் நிக்கறேன்."

உனக்கு அது ஒன்றும் தெரிந்திருக்காது. குதித்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. கேமராவைக் கல்மேல் வைத்து, டைமரை அழுத்தினேன். சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் அவருடைய இடது பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கால் எழவில்லை தம்பி. இத்தனை நாள் அவரைக் கேலி பேசிய வாய் காய்ந்துபோய்விட்டது. நான் போய் நின்றால் மூன்று பேர். நிற்காவிட்டால் இரண்டு பேர், இரண்டு பேருக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான் என் புத்தி கணக்குப் போட்டது. கேமரா படத்தை எடுத்து முடித்துவிட்டது. நீ ஓடிவந்து "ஏம்மா வரல?" என்று என்னை அடித்தாய். "கல்லு தடுக்கிடுச்சுடா" என்றேன். பச்சைப் பொய். உன் அப்பா வண்டியை எடுத்தார். வண்டியில் வரும்போது, நீ நடுவில் தூங்கிவிட்ட பிறகு, தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"நீயும் நம்புறியாடி?"

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது. வீடு வந்து சேரும்வரை எதையோ முனகிக்கொண்டே வந்தார். அவருக்கு நான் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர் எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்வதற்கு வெட்கம். நீ அந்தத் தப்பைச் செய்யாதே. கயலிடம் சொல்லிவிடு, அடிக்கடி சொல், அவள் சலித்துக்கொண்டாலும் சொல்.

அந்தப் படம் இருக்கிறது. இன்று கிடைத்தது. நீ இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதாக நினைத்துச் சொல்கிறேன். உன் அப்பா நிமிர்ந்து நிற்கிறார், கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். வலது கை உன் தலைமேல் இருக்கிறது. இடது கையை என் தோளில் போடுவதற்காக நீட்டி வைத்திருக்கிறார். அந்தக் கைக்குக் கீழே யாரும் இல்லை, கோயில் சுவர்தான் இருக்கிறது. நீ வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாய். "அம்மா, வா" என்று கத்திக்கொண்டிருக்கிறாய்.

அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி என்ன பிரயோஜனம்? அவருக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்திருந்தபோது, "வூட்லேந்து அந்தப் பைப்ப எடுத்துட்டு வாயேன்" என்றார். "பேசவே மூச்சில்ல, ஊதப் போறீங்களாக்கும்" என்று திட்டிக்கொண்டேதான் எடுத்துக்கொண்டு போனேன். உதட்டில் வைக்கவில்லை. நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் துளைகள்மேல் வைத்து வைத்து எடுத்தார். சத்தமே இல்லை. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த விரல் ஆயிற்றே, எனக்கு என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. உன்னைத் தூங்க வைப்பதற்கு அவராகவே கட்டிய மெட்டு அது. நானும் வாயைத் திறக்காமல் மனசுக்குள் கூடவே பாடினேன். முடிந்ததும், "சரியா வந்துச்சா?" என்றார். "ஒரு எடத்துல தப்பு" என்றேன். "எங்கன்னு எனக்கும் தெரியும்" என்றார். அந்த விரல்களை ஒரு படம் எடுத்தேன். நான் கடைசியாக எடுத்த படம் அதுதான். அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. நீ ஊரிலிருந்து வரும்போதெல்லாம் "பேட்டரி போச்சு" என்று சொன்னேனே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த மெட்டை அவர் நன்றாக இருந்தபோது ஊதியது என் போனில் வீடியோவாக இருக்கிறது. இன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். இதுவரை பாதியில் நிறுத்திவிடுவேன். கயலுக்கு அனுப்பியிருக்கிறேன். "அத்த, நான் கீபோர்டுல எடுத்துப் பாக்கறேன், எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்று பதில் போட்டிருக்கிறாள். ஒரு வாரமாம்! உன் அப்பாவும் எதற்கும் அதைத்தான் சொல்வார். படித்ததும் அழுகை வந்துவிட்டது. அவளைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று வயிறு எரிகிறது. பார்த்திருந்தால் கடைசியில் நம் வீட்டுக்கு நாலாவது ஆள் வந்துவிட்டாள் என்று, எத்தனை நிம்மதியாகப் படத்தில் வந்து நின்றிருப்பார். இனி அந்தப் பேச்செல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது.

இனி நீ கேட்ட இரண்டு விஷயத்துக்கு வருகிறேன். பேனரில் என்ன போடுவாயோ போடு. போடாமலும் விடு. மண்டபத்துக்கு வழி தெரிந்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆனால் ஸ்டுடியோவில் கொடுத்து ஒட்டுப் போடாதே. வாலிகண்டபுரத்துப் படத்தை அனுப்புகிறேன். அதைப் பார்த்ததும் உனக்கே தோன்றும், அந்தக் காலி இடத்தில் என்னைக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று. வேண்டாம். அது நான் பயந்து நின்ற இடம். அவரை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன், இழந்தும் விட்டேன். அந்த இடத்தை அப்படியே விடு.

கல்யாணத்தன்று நான் கேமரா தூக்க மாட்டேன். உனக்காகத் தாரை வாங்குவது, மாலை எடுத்துக் கொடுப்பது எல்லாம் உன் சித்தப்பாவும் சித்தியும் செய்யட்டும், முறைப்படி நடக்கட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. தாலி கட்டி முடிந்து, ஊர்சனம் எல்லாம் மொய்யைக் கொடுத்துவிட்டுப் படத்துக்கு வரிசையில் வந்து நிற்கும் பார், அப்போது எனக்கு ஒரு படம் வேண்டும். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் கயல், நடுவில் நான். "ஐயையோ, மூணு பேரா நிக்கறீங்களே" என்று யாராவது நாலாவதாக ஏறி வருவார்கள், நிச்சயம் வருவார்கள். வர வேண்டாம் என்று சொல்லிவிடு. நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்றால் ஆகாமலே போகட்டும், இனி எனக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது? பக்கத்தில் நிற்கிற உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. உன் அப்பா தைரியமாகப் போய் நின்ற இடம் அது. நான் ஒரு தடவையாவது அங்கே நின்று பார்க்க வேண்டும்.

நானாக மேடை ஏறி வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அப்புறம் கயல்தான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதனால் நான் கீழே, முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட வேண்டும். மெதுவாகச் சைகை காட்டாதே, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாதே. அந்தப் படத்தில் இருக்கிறாயே, அதே மாதிரி வாயைத் திறந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அம்மா, வா" என்று ஒரு தடவை கத்து. இந்தத் தடவை கல் தடுக்காது. ஓடி வந்துவிடுவேன்.

அம்மா